காட்டுச்செடித் தைலத்தில் என்ன இருக்கிறது? இலை பறிப்பதிலிருந்து ரிப்போர்ட் படிப்பது வரை

போன மாதம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். கைக்குட்டையில் சுற்றி ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில், அதில் பத்து மில்லி போல வெளிர்மஞ்சள் தைலம். "அக்கா, இதுல என்னென்ன இருக்குன்னு டெஸ்ட் பண்ணித் தர முடியுமா?" எந்தச் செடி என்று கேட்டேன். "மேல விளையுற வாசனைப் புல்லுக்கா." எப்போது அறுத்தது, மழைக்கு முன்னாலா பின்னாலா, பச்சையாகப் போட்டீர்களா, வாட வைத்தா, எத்தனை மணி நேரம் காய்ச்சினீர்கள்? ஒன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. மெஷினில் ஏற்றினால் நாற்பது பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் வந்துவிடும். ஆனால் அது எந்தச் செடியின், எந்த நாளின் பட்டியல் என்று யாராலும் சொல்ல முடியாது, அவனாலும்கூட. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் குன்னூரில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தழை காய்ச்சும் கொட்டகையில் வேலை பார்த்தவர், தழையை அண்டாவில் மிதித்து அமுக்கிவிட்டு வீட்டுக்கு வருவார், சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் அந்த வாசனை போகாது. கல்லூரிக்குப் போய்த்தான் அந்த வாசனைக்கு 1,8-சினியோல் என்று ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது.

முதலில் கொஞ்சம் வேதியியல், இது இல்லாமல் மேலே போக முடியாது. வாசனைத் தைலம் என்பது நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரி கொழுப்பு இல்லை. ஆவியாகிப் பறக்கக்கூடிய சின்ன மூலக்கூறுகளின் கலவை. இதில் பெரும்பாலானவை ஐசோப்ரீன் என்ற ஐந்து கார்பன் துண்டை அடுக்கிச் செடி கட்டுபவை. இரண்டு துண்டு சேர்ந்தால் பத்து கார்பன், அது மோனோடெர்ப்பீன்: பைனீன், லிமோனீன், சினியோல், சிட்ரால், கற்பூரம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். மூன்று துண்டு சேர்ந்தால் பதினைந்து கார்பன், அது செஸ்குவிடெர்ப்பீன். மிளகிலும் கிராம்பிலும் இருக்கும் கேரியோஃபிலீன் அந்த வகை, கொஞ்சம் கனமானது, மெதுவாகத்தான் பறக்கும். இந்த இரண்டிலும் சேராமல் பென்சீன் வளையத்தோடு தனிவழியில் வருபவையும் உண்டு, கிராம்பின் யூஜினால், விண்டர்கிரீன் என்ற மலைப்புதரின் மெத்தில் சாலிசிலேட் போல.

நம் மலையில் கிடைப்பவற்றை எடுத்துக்கொண்டால், கற்பூர மரம் (யூகலிப்டஸ் குளோபுலஸ்) காட்டுச்செடி இல்லைதான், 1843-ல் இங்கே கொண்டுவந்து நட்டது, ஆனால் இப்போது மலையில் நிறைய இடங்களில் அதுதான். அதன் தைலத்தில் சினியோல் பெரும்பாலும் 60 முதல் 75 சதவீதம், கூடவே ஆல்ஃபா-பைனீன், லிமோனீன். எலுமிச்சைப் புல்லில் சிட்ரால் 70 முதல் 80 சதவீதம். விண்டர்கிரீனில் மெத்தில் சாலிசிலேட் 95-க்கும் மேல், பல சமயம் 98, 99. இந்த மூன்றும் சுலபமானவை, ஒரே பொருள் முன்னால் நிற்கும். மாசிபத்திரி அப்படி இல்லை. பெயரிலேயே நீலகிரியை வைத்திருக்கும் செடி அது, ஆர்ட்டிமிசியா நீலகிரிகா. துஜோன், கற்பூரம், போர்னியால், கேரியோஃபிலீன் என்று பலதும் இருக்கும், இடத்துக்கு இடம், உயரத்துக்கு உயரம் முன்னால் நிற்பது மாறும். ஒரு சரிவில் பறித்ததில் கற்பூரம் தூக்கலாக இருக்கும், இன்னொரு சரிவில் துஜோன். இரண்டும் பார்வைக்கு ஒரே செடிதான். ஒரே இனத்துக்குள் இப்படி வேதியியல் பிரிந்து நிற்பதைக் கீமோடைப் என்பார்கள். "மாசிபத்திரி எண்ணெயில் இன்னது இத்தனை சதவீதம்" என்று யாராவது ஒற்றை வரியில் சொன்னால் எந்த ஊர்ச் செடி என்று கேளுங்கள்.

செடியை அடையாளம் பிடிப்பது

இதில்தான் அதிகம் பேர் அவசரப்படுகிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள், ஒரே பெயரை இரண்டு மூன்று செடிகளுக்குச் சொல்வது சாதாரணம். பூவோடும் முடிந்தால் காயோடும் ஒரு கிளையை வெட்டி, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமாகப் புத்தகங்களை அடுக்கி, தினமும் தாளை மாற்றி உலர்த்துங்கள். நீலகிரி ஈரத்தில் இரண்டு நாள் தாளை மாற்ற மறந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. பிறகு அதைக் கெட்டி அட்டையில் தைத்து இடம், உயரம், தேதி, பறித்தவர் பெயர், பூவின் நிறம் (உலர்ந்தால் நிறம் போய்விடும்) எல்லாம் எழுதி வையுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தெற்கு மண்டல மையம் இருக்கிறது, மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். முறையாகக் கொடுத்தால் இனம் எது என்று எழுத்தில் வாங்கலாம். நாளைக்கு உங்கள் தைலத்தைப் பற்றி ஒருவர் சந்தேகப்பட்டால் அந்த உலர்ந்த கிளைதான் சாட்சி.

இன்னொன்று, பறிப்பதற்கு முன்னால் நிலம் யாருடையது என்று பாருங்கள். ரிசர்வ் ஃபாரஸ்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது, புலிகள் காப்பகம் என்றால் உள்ளே காலே வைக்காதீர்கள். அங்கே சிறுவன மகசூல் எடுக்கும் உரிமை 2006-ன் வன உரிமைச் சட்டப்படி பழங்குடி மக்களுக்கு இருக்கிறது, நமக்கு இல்லை. பட்டா நிலம், தேயிலைத் தோட்டத்து ஓரம், சொந்தக்காரர் சம்மதத்தோடு பறிப்பது, இதுதான் ஒழுங்கான வழி. காசுக்கு விற்பதற்கு என்றால் பல்லுயிர்ச் சட்டப்படி மாநிலப் பல்லுயிர் வாரியத்திடம் செய்ய வேண்டியதும் இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டர்கிரீன் சோலை ஓரங்களில் மெதுவாக வளரும் புதர். வேரோடு பிடுங்காமல், ஒரு புதரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் பறித்தால் அடுத்த வருடமும் அதே புதரிடம் போகலாம்.

எப்போது பறிப்பது? பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில். நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்கு மழை அடிக்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபருக்கு மேல் வடகிழக்கு மழைதான் அதிகம். அதனால் 'மழைக்காலத்தில் பறித்தது' என்று எழுதினால் போதாது, தேதியை எழுதுங்கள். இளந்தழையா முற்றிய தழையா என்பதும் முக்கியம். கற்பூர மரத்தின் இளங்கன்றில் இலை நீலச்சாம்பல் நிறமாக, காம்பு இல்லாமல் தண்டைக் கட்டிக்கொண்டு எதிரெதிராக இருக்கும், பெரிய மரத்தில் அரிவாள் மாதிரி தொங்கும். இரண்டையும் ஒரே அண்டாவில் போட்டுவிட்டுப் பிறகு பிரித்துப் பேச முடியாது.

பறித்ததைத் துணிப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பைக்கு இங்கே தடை இருப்பது ஒரு பக்கம், ஆய்வுக்கும் அது கெடுதல். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் தைலத்தில் கரைந்து வந்து, ரிப்போர்ட்டில் ஏதோ செடியிலிருந்து வந்ததுபோல உட்கார்ந்திருக்கும்.

காய்ச்சுவது

சித்த வைத்தியத்தில் வாலையில் வடித்துத் தீநீர் எடுப்பார்கள், ஓமத் தீநீர் குடிக்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? அதே வேலைதான். தண்ணீர் ஆவியாகும்போது தைலத்தையும் தூக்கிக்கொண்டு போகும், குளிர்ந்ததும் இரண்டும் பிரியும். வாசனை ஏறிய தண்ணீர்தான் தீநீர், மேலே மிதப்பது தைலம். சினியோலின் கொதிநிலை 176 டிகிரி, ஆனாலும் தண்ணீரோடு சேர்ந்து நூறுக்குக் கீழேயே அது ஏறி வந்துவிடுகிறது. இரண்டின் ஆவி அழுத்தமும் கூட்டாக வேலை செய்வதால் அப்படி.

ஆய்வுக்கு என்றால் பெரிய அண்டா வேண்டாம். கிளெவெஞ்சர் கருவி என்று ஒரு கண்ணாடிச் சாதனம் இருக்கிறது, 1928-லேயே வந்தது, இன்றைக்கும் அதுதான் எல்லா ஆய்வகத்திலும். இரண்டு லிட்டர் உருண்டைக் குடுவையில் 200 கிராம் தழை, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், கீழே ஹீட்டிங் மேன்டில், மேலே குளிர்விப்பான். வடியும் தைலம் அளவுகோல் போட்ட குழாயில் சேரும், தண்ணீர் தானாகக் குடுவைக்கே திரும்பிவிடும். எத்தனை மில்லி வந்தது என்று அப்படியே படித்துக்கொள்ளலாம். தழையைப் போடும் முன் எடை போடுங்கள், அதே தழையில் தனியாக ஒரு பிடி எடுத்து 105 டிகிரி ஓவனில் எடை மாறாமல் நிற்கும் வரை காயவைத்து ஈரம் எத்தனை சதவீதம் என்றும் பார்த்துவிடுங்கள். ஈரம் தெரியாமல் 'விளைச்சல் ஒரு சதவீதம்' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

எத்தனை மணி நேரம்? புத்தகங்களில் மூன்று மணி நேரம் என்று இருக்கும். அது சமவெளிக்காரர்களின் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குன்னூரில் 94 போல. பருப்பு வேக நேரமாகிறதே, அதே காரணம். லேசான மோனோடெர்ப்பீன்கள் முதல் அரைமணியிலேயே பெரும்பகுதி வந்துவிடும், கனமான செஸ்குவிடெர்ப்பீன்கள் கடைசியில்தான் மெல்ல இறங்கும். இங்கே அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். கடிகாரத்தை மட்டும் பார்க்காமல், குழாயில் தைலத்தின் மட்டம் அரைமணி நேரம் நகராமல் நின்றபிறகு நிறுத்துங்கள், மொத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் நிறுத்திய தைலமும் நான்கு மணி நேரம் காய்ச்சிய தைலமும் ஒரே தழையிலிருந்து வந்தாலும் கலவையில் வேறு வேறு. கொட்டகைகளில் சீக்கிரம் இறக்குவது விறகுக் கணக்குக்காக, அதில் தப்பில்லை, ஆனால் அதைச் செடியின் முழுக் கலவை என்று சொல்லக் கூடாது.

ரொம்ப நேரம் காய்ச்சுவதிலும் ஒரு விலை உண்டு. எஸ்டர் வகைகள் கொதிநீரில் உடையும். லினாலைல் அசிட்டேட் இருந்தால் அதில் கொஞ்சம் லினலூலாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரிந்துவிடும். அதாவது கருவியில் நாம் பார்ப்பது இலைக்குள் இருந்ததேதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

விண்டர்கிரீனுக்குத் தனிக்கவனம்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், இந்தச் செடியில்தான் நான் ஒரு பருவத்தையே இழந்தேன். கால்தீரியா ஃபிராக்ராண்டிசிமா என்பது முழுப்பெயர். ஓரத்தில் ரம்பப்பல் வைத்த தடித்த இலை, சின்ன மணி மாதிரி வெள்ளைப் பூ, கருநீலக் காய். இலையைக் கசக்கினால் மூட்டுவலிக் களிம்பு வாசனை அப்படியே வரும். முதல்முறை தழையைப் பறித்த கையோடு குடுவையில் போட்டு மூன்றரை மணி நேரம் காய்ச்சினேன். குழாயில் ஒரு சொட்டுத் தைலம் இல்லை. மறுநாள் திரும்பச் செய்தேன், இல்லை. செடியில் எண்ணெயே இல்லை போல என்று நினைத்து, குடுவையில் இருந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினேன். கொட்டும்போதுதான் பார்க்கிறேன், அடியில் உருண்டை உருண்டையாகத் தைலம் ஓடுகிறது. அறை முழுக்க வாசனை.

மெத்தில் சாலிசிலேட்டின் அடர்த்தி 1.18. தண்ணீரைவிடக் கனம், மிதக்காது, மூழ்கும். சாதாரணக் கிளெவெஞ்சர் குழாய் மிதக்கும் எண்ணெய்க்காகச் செய்தது, அதில் மூழ்கும் எண்ணெய் திரும்பு குழாய் வழியாகத் தண்ணீரோடு சேர்ந்து குடுவைக்கே போய்விடும், எத்தனை மணி நேரம் நின்றாலும் கண்ணில் படாது. கனமான எண்ணெய்க்கென்றே வேறொரு வடிவக் குழாய் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் சாதாரண முறையில் நேராக வடித்து, பிரிபுனலில் ஒரு இரவு நிற்கவைத்து, அடியிலிருந்து இறக்குங்கள். கிராம்பு, பட்டைத் தைலங்களுக்கும் இதே எச்சரிக்கை.

இன்னொரு விஷயமும் அப்போது எனக்குத் தெரியாது. விண்டர்கிரீன் இலையில் மெத்தில் சாலிசிலேட் தனியாக இருப்பதில்லை. கால்த்தெரின் என்ற பெயரில் சர்க்கரையோடு கட்டுண்டு இருக்கிறது, கட்டுண்ட நிலையில் அது பறக்காது. இலை நசுங்கி ஈரம் பட்டால் இலையிலேயே இருக்கும் நொதி அந்தக் கட்டை அவிழ்க்கும், அப்புறம்தான் வாசனை. எனவே தழையை நன்றாக இடித்து, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் இரவு முழுக்க மூடி ஊறவையுங்கள். கொதிநீரை ஊற்றிவிடாதீர்கள், நொதி செத்துவிடும். ஊறவைத்துக் காய்ச்சினால் அதே தழையில் எவ்வளவு கூடுதலாக வருகிறது என்று ஒருமுறை பார்த்தால் பிறகு யாரும் ஊறவைக்க மறக்க மாட்டார்கள்.

மெஷினுக்கு முன்னால் மேஜையிலேயே செய்யக்கூடியவை

வந்த தைலத்தில் தண்ணீர் துளி இருக்கும். நீரற்ற சோடியம் சல்ஃபேட் ஒரு சிட்டிகை போட்டு, பத்து நிமிடம் விட்டு, தெளிவை மட்டும் சாய்த்து எடுங்கள். பொடி கட்டி கட்டியாகப் பிடித்துக்கொண்டால் ஈரம் இன்னும் இருக்கிறது, இன்னொரு சிட்டிகை போடலாம்.

வடிதாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். நல்ல வாசனைத் தைலம் கிட்டத்தட்ட முழுக்கப் பறந்துவிடும், எண்ணெய்க் கறை நிலைத்து நின்றால் யாரோ சமையல் எண்ணெயைக் கலந்திருக்கலாம். கடையில் வாங்கியதைச் சோதிக்க இது போதும். அடர்த்தி பாருங்கள், ஒளிவிலகல் எண் பாருங்கள், கல்லூரி ஆய்வகத்தில் இதற்கான சாதனங்கள் இருக்கும். கற்பூர மரத் தைலம் அடர்த்தியில் 0.91, 0.92 பக்கம் இருக்க வேண்டும், ஒளிவிலகல் 1.46 சுற்றி.

விண்டர்கிரீன் தைலம் ஒரு சொட்டை ஆல்கஹாலில் கரைத்து ஃபெர்ரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் ஊதா நிறம் வரும், வளையத்தில் இருக்கும் ஃபீனால் பிடி காட்டுவது அது. இன்னும் நம்பிக்கை வேண்டும் என்றால் சோடியம் ஹைட்ராக்சைடோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அமிலம் சேர்த்தால் வெள்ளை ஊசியாகச் சாலிசிலிக் அமிலம் படியும், உருகுநிலை 158, 159 டிகிரி. எனக்குப் பிடித்த சோதனை இது. மாணவர்கள் அந்த வெள்ளைப் படிகம் விழுவதைப் பார்க்கும்போது முகத்தில் வரும் வெளிச்சம் எந்த மெஷினும் தராது.

எலுமிச்சைப் புல்லுக்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. நீண்ட கழுத்தில் அளவு போட்ட கேசியா குடுவையில் 10 மில்லி தைலம், அதோடு சோடியம் பைசல்ஃபைட் கரைசல், வெந்நீரில் வைத்துக் குலுக்கிக் குலுக்கிச் சூடாக்கினால் சிட்ரால் பைசல்ஃபைட்டோடு சேர்ந்து தண்ணீர்ப் பக்கம் போய்விடும். கழுத்தில் மிஞ்சி மிதக்கும் தைலம் 2.5 மில்லி என்றால் மீதி 7.5, ஆக 75 சதவீதம் சிட்ரால். ஆல்டிஹைடு எல்லாமே இதில் போகும் என்பதால் துல்லியம் இல்லை. ஆனால் விற்பனைக்குக் காய்ச்சுகிற குழுக்களுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

ஜி.சி.-எம்.எஸ். ரிப்போர்ட்

முழுக் கலவை வேண்டும் என்றால் கோவைக்கு அனுப்ப வேண்டியதுதான். பல்கலைக்கழகங்களிலும் தனியார் ஆய்வகங்களிலும் கட்டணத்துக்குச் செய்து தருகிறார்கள். அனுப்பும் முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள், கேட்டால்தான் கிடைக்கும்.

ஜி.சி. (வாயு நிறப்பிரிகை) கலவையைப் பிரிக்கும், எம்.எஸ். (நிறைமானி) பிரிந்ததை அடையாளம் காட்டும். உள்ளே நடப்பது இதுதான். தைலத்தை ஹெக்சேனில் ஒரு சதவீதம் போல நீர்க்கச் செய்து, ஒரு மைக்ரோலிட்டர் ஊசியில் செலுத்துவார்கள். 30 மீட்டர் நீளம், கால் மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சுருள் குழாய், அதைத்தான் ஆங்கிலத்தில் column என்பார்கள். ஹீலியம் வாயு பின்னாலிருந்து தள்ள, அடுப்பு 60 டிகிரியிலிருந்து நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் 240 வரை ஏறும். லேசானவை முதலில், கனமானவை பிறகு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வெளியே வந்ததை 70 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானால் அடித்து உடைப்பார்கள், உடைந்த துண்டுகளின் எடைப் பட்டியல்தான் நிறை நிறமாலை. கணினி அதைத் தன்னிடம் இருக்கும் நிறமாலை நூலகத்தில் ஒப்பிட்டுப் பெயர் சொல்லும்.

இங்கேதான் கோளாறு. பைனீன், லிமோனீன் போன்ற மோனோடெர்ப்பீன்கள் ஒரே எடை, ஒரே ஐசோப்ரீன் துண்டுகள், உடைந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் உடையும். பல பேருக்கும் 93 என்ற துண்டுதான் முன்னால் நிற்கும். கணினி '95 சதவீதம் பொருத்தம்' என்று காட்டினாலும் அடுத்த பெயருக்கு 94 இருக்கும். ஒருமுறை நான் அனுப்பிய மாசிபத்திரித் தைலத்துக்கு வந்த ரிப்போர்ட்டில் எந்தச் செடியிலும் இருக்க வாய்ப்பில்லாத செயற்கைப் பொருட்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. நூலகம் சொன்னதை அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒரு மாணவி அரை ஆய்வேட்டை எழுதி முடித்திருந்தாள், அத்தனையையும் அவள் மறுபடி செய்ய வேண்டி வந்தது.

அதனால் ரிடென்ஷன் இண்டெக்ஸ், அதாவது ஒரு பொருள் வெளியே வரும் நேரத்தை ஆல்கேன்களின் நேரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், கட்டாயம் கேளுங்கள். அதே நாள், அதே சுருள் குழாய், அதே வெப்ப ஏற்றத்தில், வரிசையாகக் கார்பன் எண்ணிக்கை தெரிந்த நேர்ச்சங்கிலி ஆல்கேன் கலவை ஒன்றை ஓட்டச் சொல்லுங்கள். பிறகு கணக்கு உங்கள் கையில். உதாரணத்துக்கு, 11 கார்பன் ஆல்கேன் 18.20 நிமிடத்தில் வந்தது, 12 கார்பன் 22.10-ல் வந்தது, உங்கள் பொருள் 21.71-ல் வந்தது என்று வையுங்கள். 21.71-லிருந்து 18.20-ஐக் கழித்தால் 3.51. இரண்டு ஆல்கேனுக்கும் இடைவெளி 3.90. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.90, நூறால் பெருக்கி 1100-ஓடு கூட்டினால் 1190. மெத்தில் சாலிசிலேட்டுக்கு இந்த வகைச் சுருள் குழாயில் இருக்க வேண்டிய எண் அதேதான். நிறமாலையில் 152, 120, 92 என்ற துண்டுகளும் இருந்தால் இரண்டு சாட்சியும் ஒன்று சொல்கின்றன, பெயரைத் தைரியமாக எழுதலாம். எண் பத்துப் பதினைந்துக்கு மேல் தள்ளிப்போனால் நூலகம் 98 சதவீதம் என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

அடிக்கடி தேவைப்படுகிற எண்களைச் சொல்லிவிடுகிறேன், ஐந்து சதவீத ஃபினைல் பூச்சுள்ள சாதாரணச் சுருள் குழாய்க்கு: ஆல்ஃபா-பைனீன் 932 பக்கம், பீட்டா-பைனீன் 974, லினலூல் 1095, கற்பூரம் 1141, தைமால் 1289, கேரியோஃபிலீன் 1417. சிட்ரால் இரண்டு உச்சியாக (வரைபடத்தில் எழும் கூர்முனை) வரும், நெரால் 1235, ஜெரானியல் 1264, ஒரே பொருளின் இரண்டு வடிவம் என்பதால். ஒற்றை உச்சிக்கு 'சிட்ரால்' என்று போட்டிருந்தால் என்ன நடந்தது என்று கேளுங்கள். லிமோனீனும் சினியோலும் 1024, 1026 என்று ஒட்டிக்கொண்டே வரும், இந்தச் சுருள் குழாயில் பல சமயம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். கற்பூர மரத் தைலத்தில் சினியோல் எத்தனை என்று துல்லியமாக வேண்டும் என்றால் துருவத்தன்மை உள்ள வேறு சுருள் குழாயிலும் ஓட்டச் சொல்லுங்கள்.

சதவீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிப்போர்ட்டில் இருப்பது உச்சியின் பரப்பளவுச் சதவீதம், எடைச் சதவீதம் இல்லை. நிறைமானி எல்லாப் பொருளையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை, அதனால் அளவுக்கு எஃப்.ஐ.டி. என்ற சுடர் உணரி மேல், அடையாளத்துக்கு எம்.எஸ். மேல். இரண்டையும் வாங்க முடிந்தால் வாங்குங்கள். 149 என்ற துண்டு முன்னால் நிற்கும் உச்சி தென்பட்டால் முன்னால் சொன்ன தாலேட்தான், அதைச் செடியின் கணக்கில் சேர்க்காதீர்கள். அடையாளம் தெரியாத உச்சிகளை 'தெரியவில்லை' என்று எழுதுவதில் வெட்கமே வேண்டாம், மொத்தத்தில் 95 சதவீதம் அடையாளம் கண்டால் அது நல்ல வேலை.

விண்டர்கிரீன் விஷயத்தில் இந்த மெஷினுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. தொழிற்சாலையில் செய்த மெத்தில் சாலிசிலேட்டும் இலையில் வந்ததும் மூலக்கூறில் ஒன்றேதான், ஜி.சி.யில் ஒரே இடத்தில்தான் வரும். கலப்படமா என்று பிரிக்க கார்பன் ஐசோடோப்பு அளவு வரை போக வேண்டும், அது எல்லா இடத்திலும் கிடைக்காது. காய்ச்சிய இடத்தையும் நாளையும் எழுதிய குறிப்பேடு உங்கள் கையில் இருந்தால் வாங்குபவருக்கு அதையாவது காட்டலாம்.

உடம்புக்கு

கலவையைத் தெரிந்துகொள்வதன் முதல் பயன் இதுதான் என்பேன். விண்டர்கிரீன் தைலம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சாலிசிலேட் அளவில் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். ஒரு குழந்தையின் உயிரையே எடுக்கப் போதும். வாசனை இனிப்பாக இருப்பதால் பிள்ளைகள் வாயில் வைத்துவிடும், பாட்டிலைப் பூட்டி வையுங்கள். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் பூசவே வேண்டாம். மாசிபத்திரியின் துஜோனும் கற்பூரமும் உள்ளே போனால் வலிப்பு வரவழைக்கும். கற்பூர மரத் தைலத்தையும் சின்னக் குழந்தைகளுக்கு மூக்கில் விடுவது, குடிக்கக் கொடுப்பது இரண்டும் கூடாது. மூலிகைதானே என்ற வார்த்தையைச் சொல்லி யாரும் இவற்றைக் குடிக்காதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பாட்டில்

தைலத்தைப் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், கழுத்து வரை நிறைத்து வையுங்கள். பாதி பாட்டில் காற்று இருந்தால் லிமோனீன் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறும், சிட்ரால் மெல்லப் பிசின் பிடிக்கும், ஆறு மாதம் கழித்து ஓட்டினால் வேறு கதை வரும். ரப்பர் மூடியையும் ரப்பர் சொட்டுக்குழாயையும் தைலம் அரித்துவிடும், டெஃப்லான் உள்பூச்சு மூடிதான் சரி. ஃப்ரிட்ஜில், வெளிச்சம் படாமல். பாட்டில் மேல் ஒட்டும் தாளில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மையைத் தைலம் கரைத்துவிடும்: செடி, உலர்கிளை எண், இடம், உயரம், பறித்த தேதி, பச்சையா வாடலா, எடை, காய்ச்சிய மணி நேரம், வந்த மில்லி.

அந்தக் கோத்தகிரித் தம்பியை வெறும் கையோடு அனுப்பவில்லை. பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றும், கோடு போட்ட நோட்டு ஒன்றும் கொடுத்து, அந்தப் புல் பூக்கும்போது பூங்கதிரோடு ஒரு கட்டு வெட்டி வரச் சொல்லியிருக்கிறேன். அவன் கொண்டுவந்த பத்து மில்லி என் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.